'துணை'யில் உள்ள 'ணை' தப்பியது: வீடு தேடி வந்து பழைய சிஸ்டத்தைச் சுத்தம் செய்த சேவை பற்றி

பத்திரிகை வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனால் ஒரு டம்ளர் டீ போட்டு, ஆற்றி, குடித்து முடித்துவிட்டு வரலாம். ஆடி மாசம் வரைக்கும் என் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. ஆவணி முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை வந்து குவிந்த வாரத்தில் சி டிரைவ் சிவப்பாகி, 412 எம்பிதான் மிச்சம் என்று காட்டியது. சேவ் கொடுத்தால் இடமில்லை என்கிறது. பிரின்ட் கொடுத்தால் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் புரூஃபுக்காகக் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வாரம் காரைக்குடியிலிருந்து கம்ப்யூட்டர் சரிசெய்யும் ஒரு தம்பியை வீட்டுக்கே வரவழைத்தேன். பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, குறிப்பாகத் தமிழ் டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை செய்துகொண்டு, "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

முதலில் என் கதை. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் முகப்பை ஒட்டிய அறையில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள், மற்ற நாளில் வளவைப் (உள்முற்றத்தை) பெருக்கி விளக்கேற்றுவது எங்கள் பொறுப்பு. நான் 1993-லிருந்து காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குகிற வேலை. அச்சகத்தில் ட்ரெடில் மெஷினை எடைக்குப் போட்ட பிறகு டிடிபி கற்றுக்கொண்டேன். இப்போது வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக அழைப்பிதழ், நினைவஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன்.

சிஸ்டம் 2011-ல் வாங்கியது. டூயல் கோர், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். அதில் பேஜ்மேக்கர் 7. அந்த மென்பொருள் வெளிவந்தது 2001-ல். அதற்குப் பிறகு புதுப் பதிப்பே கிடையாது. போனிலும் நெட்டிலும் இப்போது புழங்குகிற யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. ஆனால் என் இருபது வருஷத்து வேலையும் அதில்தான் கிடக்கிறது. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த வீட்டுக்கே அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் அடிக்கிறேன். பழைய ஃபைலைத் திறந்து தேதியையும் பேரன் பேத்தி பெயரையும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. குடும்ப விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை, புள்ளி பிசகாமல் அப்படியே இருக்கும். விலாசத்தில் ஒரு புள்ளி குறைந்தால் மாப்பிள்ளை வீட்டில் யார் பார்க்காவிட்டாலும் ஒரு ஆச்சி பார்த்துவிடுவார்.

இந்தத் தம்பியைக் கூப்பிட நான் அவ்வளவு யோசித்ததற்கு ஒரு பழைய காயம் உண்டு. 2016-ல் இதே சிஸ்டத்தை ஒரு கடையில் கொடுத்தேன். எந்தக் கடை என்பது வேண்டாம். "ஸ்லோவா? ஃபார்மேட் போட்டாச் சரியாயிடும்" என்றார்கள். டேட்டா எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னார்கள். பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபான்ட் (எழுத்துரு) எல்லாம் இருந்தது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். அது போய்விட்டது.

பழைய தமிழ் ஃபான்ட் போனால் என்ன ஆகும் என்பது யூனிகோடில் மட்டும் புழங்குகிறவர்களுக்குப் புரிவது கஷ்டம். யூனிகோடில் லதா என்ற ஃபான்ட் இல்லாவிட்டால் விஜயா, அதுவும் இல்லாவிட்டால் நிர்மலா, ஏதோ ஒன்றில் தமிழ் தமிழாகவே தெரியும். பழைய 8 பிட் ஃபான்ட் அப்படி இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கில எழுத்துதான். அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருப்பது ஃபான்ட். பாமினி என்ற பழைய ஃபான்டில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஃபான்ட் போனால் முகமூடி கழன்று அந்த ஜேகேபிஓ மட்டும் நிற்கும். முந்நூறு கல்யாணப் பத்திரிகை இப்படி நின்றது. ஒவ்வொரு ஃபைலுக்கும் எந்த ஃபான்ட் என்று தேடி, மதுரை, சிவகங்கை, தேவகோட்டை என்று தெரிந்த டிடிபிக்காரர்கள் எல்லோரிடமும் பென் டிரைவ் நீட்டி, எட்டு மாசம் ஆனது எனக்கு மீள.

மீண்டேனா, அதோடு விட்டேனா. பயத்தில் கிடைத்ததை எல்லாம் ஏற்றினேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய '2000 ஃபான்ட்' சிடி, யாரோ கொடுத்த பென் டிரைவ், வாட்ஸ்அப்பில் வந்தவை, ஒன்றையும் விடவில்லை. அந்தப் பயத்தின் விலைதான் இந்த ஆவணியில் வந்து நின்றது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தோழி நம்பர் கொடுத்தாள். போனிலேயே மூன்று கேள்வி கேட்டான். "எந்த விண்டோஸ்க்கா? சி டிரைவ் மொத்தம் எவ்வளவு? பேக்கப் எங்க வச்சிருக்கீங்க?" மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்ப ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கி வைங்க, நான் வர்றதுக்கு முன்னாடி" என்றான். "உன் டிஸ்க்லயே எடுத்துக்கப்பா" என்றதற்கு, "உங்க கஸ்டமர் போட்டோ, பேரு, நம்பர் எல்லாம் என் டிஸ்க்ல இருக்கக் கூடாதுக்கா" என்றான். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பழைய சாமானோடு போட்டு வைத்திருந்த 500 ஜிபி டிஸ்க் ஒன்று கிடந்தது, அதையே எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை சந்தைக் கூட்டத்தில் வண்டி ஓட்ட முடியாது, செவ்வாய் பத்து மணிக்கு வருகிறேன் என்றான். வந்தது பன்னிரண்டரைக்கு. இது முதல் குறை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை. உச்சிவெயிலில் வந்தவனை என்ன சொல்ல? மோர் கொடுத்தேன்.

முதல் வேலையாக சிபியூவைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினான். ஃபேனில் அடைத்திருந்த தூசியை உருண்டையாகப் பிடித்தால் ஒரு சீப்புச் சீடை அளவு தேறும். அடுத்து பேக்கப். டி, இ டிரைவ் முழுக்க, கூடவே விண்டோஸில் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டர் அப்படியே. இது ஓடவே இரண்டு மணி நேரம். அது முடியும்வரை ஒரு ஃபைலையும் தொடவில்லை.

குப்பை எடுத்த விவரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதைத் தனியாகவே யாரும் செய்துகொள்ளலாம். சி டிரைவை ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ் போய், டிஸ்க் கிளீனப். அதில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கச் சொல்லும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால்தான் பெரிய குப்பை தெரிகிறது. டெம்ப் ஃபைல் மட்டும் 3.8 ஜிபி. சர்வீஸ் பேக் ஏற்றியபோது விண்டோஸ் எடுத்து வைத்த பழைய பிரதி கிட்டத்தட்ட ஒரு ஜிபி. இதை எடுத்தால் சர்வீஸ் பேக்கைத் திரும்பக் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தான். 2011-ல் வந்ததை இனி யார் கழற்றப் போகிறார்கள்? பிறகு ஹைபர்னேட் ஃபைல். சிஸ்டத்தை உறங்கவைக்கும்போது ராமில் இருப்பதை எழுதி வைப்பதற்காக, விண்டோஸ் 7 ராம் அளவில் முக்கால் பங்கை எப்போதும் பிடித்து வைத்திருக்குமாம். 2 ஜிபிக்கு 1.5 ஜிபி. நான் ஒரு நாளும் ஹைபர்னேட் போட்டதில்லை, ராத்திரி நேரே ஷட் டவுன்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி கமாண்ட் அடித்தான், அந்த இடம் வந்துவிட்டது.

ரீசைக்கிள் பின்னைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. 7.1 ஜிபி. வேண்டாததை அங்கே போடுவேன், ஆனால் காலி பண்ண மாட்டேன். 'கிடக்கட்டும், கேட்டால் எடுக்கலாம்'. அதாவது அதையே இன்னொரு ஃபோல்டராக வைத்திருந்தேன். "இதைக் காலி பண்ணலாமாக்கா?" என்று கேட்டானே, அந்தக் கேள்விக்காகவே தனியாக நூறு ரூபாய் கொடுக்கலாம். உள்ளே பார்த்தால் பள்ளத்தூர் வீட்டுப் பத்திரிகை ஒன்று, தைக்குத் திரும்பக் கேட்பார்கள் என்று தெரிந்தே அங்கே போட்டிருந்தேன். அதை மீட்டு, மற்றதைக் காலி பண்ணினான்.

பெரிய இடத்தைப் பிடித்திருந்தது டெஸ்க்டாப். திரையில் கிடப்பது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது இத்தனை வருஷமாக எனக்கு உறைக்கவில்லை. மாப்பிள்ளை பெண் போட்டோ, 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்', கோரல் டிரா தானாகவே எழுதி வைக்கும் பேக்கப் ஃபைல்கள், எல்லாம் சேர்த்து 11 ஜிபி. அந்த டெஸ்க்டாப்பை டி டிரைவுக்கு நகர்த்தினான். சாயங்காலம் பார்த்தால் சி டிரைவில் 25 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகக் காலி. மொத்தமே 50 ஜிபி உள்ள டிரைவ் அது.

இடையில் என் அக்கா மகன் வந்து எட்டிப் பார்த்து, "வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டர் பெருசா இருக்கும், அதைத் தூக்குங்கண்ணே" என்றான். தம்பி திரும்பியே பார்க்காமல், "அதைத் தூக்குனா விண்டோஸையே தூக்குன மாதிரி" என்றான். ரிஜிஸ்ட்ரி சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் இலவச மென்பொருளையும் போடவில்லை. அதில் வேகம் வருவதாக அவன் ஒரு நாளும் பார்த்ததில்லையாம்.

இதுவரைக்கும் செய்ததை எந்தக் கடையிலும் செய்வார்கள். அவனுக்கு நான் முழு மார்க் போடுவது ஃபான்ட் விஷயத்தில்தான்.

விண்டோஸோடு வந்ததைத் தவிர நான் ஏற்றிய ஃபான்ட் மட்டும் 1,540. பேஜ்மேக்கர் மாதிரிப் பழைய மென்பொருள் திறக்கும்போது நிறுவியிருக்கிற ஃபான்ட் அத்தனையையும் வாசித்துத்தான் தன் பட்டியலைக் கட்டுகிறது. என் டீ நேரம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. "ஃபான்டைக் குறைச்சா பேஜ்மேக்கர் வேகமாத் திறக்கும். ஆனா மொத்த சிஸ்டமும் பறக்கும்னு நெனைக்காதீங்க. டிஸ்க் பழசு, ராம் கம்மி" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றைச் சொன்னேன். விண்டோஸ் 7-ல் ஃபான்டை 'ஹைட்' பண்ணலாமே? பண்ணலாம், பட்டியலில் கண்ணுக்கு மறையும், ஆனால் ஃபான்ட் உள்ளே ஏறியே இருக்கும், பாரம் குறையாது என்றான். அப்படியானால் டெலிட்? எனக்கு வயிறு கலங்கியது. எக்ஸ்பி காலத்தில் ஒரு தடவை, 'இது எதற்கு, ஒரு எழுத்துகூட இல்லையே' என்று மார்லெட் என்ற ஃபான்டை நானே தூக்கியிருக்கிறேன். விண்டோ மூலையில் இருக்கும் மூடுகிற பெருக்கல் குறி, சுருக்குகிற கோடு எல்லாமே அந்த ஃபான்டில் உள்ள எழுத்துகள்தான். மறுநாள் ஒவ்வொரு விண்டோவிலும் பெருக்கல் குறி இருந்த இடத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும், சுருக்கும் கோடு இருந்த இடத்தில் பூஜ்யமும் உட்கார்ந்திருந்தன. வைரஸ் என்று நினைத்து ஒரு வாரம் கம்ப்யூட்டரையே தொடவில்லை.

தம்பி டெலிட் பண்ணவில்லை. ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து, டி டிரைவில் 'ஃபான்ட் கிடங்கு' என்று ஒரு ஃபோல்டரில் வைத்தான். பார்வையிட நெக்சஸ்ஃபான்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டான். சின்னது, 2 ஜிபி ராமிலும் முனகாமல் ஓடுகிறது. இதில் நல்ல விஷயம், ஃபான்டை விண்டோஸில் ஏற்றாமலே வெளியே ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, செட்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்த மென்பொருள் திறந்திருக்கும்வரை அந்த ஃபான்டை மற்ற மென்பொருளிலும் பயன்படுத்தலாம். மூடினால் போய்விடும். எப்போதோ ஒரு தடவை தேவைப்படும் அலங்கார ஃபான்டுக்கு இது போதும்.

இனி, எது எந்த வகை ஃபான்ட் என்று எப்படிப் பிரிப்பது? பெயரை நம்ப முடியாது. ஒரே ஃபான்ட் நாலு பெயரில் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு வேறு ஃபான்ட் இருக்கும். இரண்டு தடவை ஏற்றினால் விண்டோஸ் பெயருக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் ஒட்டி இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளும். அவன் செய்தது இது: நெக்சஸ்ஃபான்டில் மாதிரிச் சொல் போடும் இடத்தில் 'ஜேகேபிஓ' என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு அரைப்புள்ளி வைத்தான். வரிசையாக ஆயிரத்து ஐந்நூறு ஃபான்டிலும் அந்தச் சொல் ஓடியது. எந்த ஃபான்டில் 'தமிழ்' என்று தெரிகிறதோ அதெல்லாம் பாமினி வகை. ஒரே பார்வையில் 190 பிரிந்து வந்தது. அடுத்து, என் பழைய ஃபைல் ஒன்றிலிருந்து டேம் என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டில் இருந்த 'தமிழ்' என்ற சொல்லைக் காப்பி பண்ணி ஒட்டினான். இன்னொரு கூட்டம் பிரிந்தது. பிறகு டேப். பிறகு டிஸ்கி. 1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தி டேம், டேப் என்று தரம் வகுத்தார்கள் என்று நாங்கள் டிடிபி கற்றுக்கொண்டபோது சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகும் ஆளுக்கு ஒரு குறியீடுதான். எதிலும் தமிழாகத் தெரியாத மிச்சம் எல்லாம் ஆங்கில அலங்காரம், பார்டர், படம்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அச்சகத்தில் சாயங்காலம் நாங்கள் செய்த வேலை இதுதான். அச்சான ஃபாரத்தைக் கழுவி, எழுத்தைப் பிரித்து, அதனதன் கேஸில் அதனதன் குழியில் போட வேண்டும். 12 பாயின்டில் ஒரு 18 பாயின்ட் விழுந்தால் மறுநாள் காலையில் ஃபோர்மேன் வாய் சும்மா இருக்காது. ஈயத்துக்கு எடை உண்டு, இடம் உண்டு, அதனால் யாரும் வேண்டாத எழுத்தைச் சேர்க்க மாட்டார்கள். ஃபான்டுக்கு எடை இல்லை என்பதால் இருபது வருஷம் பிரித்துப் போடாமலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வந்தது வினை அப்புறம். மாதிரிச் சொல்லோடு 'ணை லை ளை னை'யையும் சேர்க்கச் சொன்னது நான்தான். மட்டமான ஃபான்டில் இந்த நாலில்தான் இணைக்கொம்பு இடித்துக்கொண்டு அசிங்கமாக நிற்கும். அவன் விறுவிறுவென்று பார்த்துக்கொண்டே வந்து, 'கெட்டுப்போனது' என்ற ஃபோல்டருக்குள் சிலதைத் தள்ளினான். நான் அடுப்படியில் குழம்பை இறக்கிவிட்டு வந்து அந்த ஃபோல்டரைத் திறந்தால், உள்ளே என் பழைய எழுத்து ஃபான்ட்.

"இது எப்படித் தம்பி கெட்டது?"

"லை எல்லாம் உடைஞ்சிருக்குக்கா. முன்னாடி ஏதோ வளையம் மாதிரி வருது பாருங்க."

அவனைத் தப்புச் சொல்ல முடியாது. 1998-ல் பிறந்த பையன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, ணை, லை, ளை, னை நாலும், ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசையுமாகப் பதின்மூன்று எழுத்து மாறியது அவன் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தி. யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்து இறங்கும் அந்தப் பழைய ஐகாரத்தை அவன் எழுதியதே இல்லை. கூட்டிக்கொண்டுபோய் முகப்புச் சுவரைக் காட்டினேன். இந்த வீட்டு ஆச்சியின் கல்யாணப் பத்திரிகை அங்கே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. 1956. ஓரம் முழுக்க மஞ்சளாகிவிட்டது, மடித்த கோட்டில் விரிசல். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'விநாயகர் துணை'. அந்தத் 'துணை'யில் ணகரத்தின் முன்னால் அந்தத் தும்பிக்கை.

"இது டிசைன்னு நெனைச்சேன்க்கா" என்றான்.

எந்தப் பத்திரிகை எடுத்தாலும் முதல் வரி 'துணை'யில்தான் முடியும், அதனால் எந்தப் பத்திரிகையிலும் அந்த எழுத்து முதல் வரியிலேயே கண்ணில் படும். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஐயா ஆயா சதாபிஷேகத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தால், "பழைய காலத்து எழுத்துலேயே வேணும்" என்று இப்போது கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஃபான்ட் அது. யார் செய்தது என்றுகூடத் தெரியாது, பென் டிரைவில் வந்தது. பேக்கப் இருந்ததால் அழிந்திருந்தாலும் எடுத்திருக்கலாம்தான். ஆனால் போனது தெரிந்தால்தானே தேடுவேன்?

அதற்கப்புறம் அவன் முறையை மாற்றினான். தன் கண்ணுக்கு விநோதமாகப் படுவதை எல்லாம் 'அக்கா சொல்லணும்' என்று ஒரு ஃபோல்டரில் போட ஆரம்பித்தான். 63 ஃபான்ட் சேர்ந்தது.

எதை ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் விட்டுவைப்பது என்று தீர்மானிக்க அவன் கையாண்ட வழியும் நல்ல வழி. பேஜ்மேக்கர் ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதில் உள்ள ஃபான்ட் இல்லையென்றால், எது இல்லை, அதற்குப் பதில் எதைப் போடப்போகிறேன் என்று ஒரு பட்டியல் காட்டும். 2016-ல் என்னைக் கதற வைத்த அதே பெட்டிதான். எல்லா ஃபான்டையும் கிடங்குக்கு நகர்த்திவிட்டு, நான் அடிக்கடி திறக்கும் நாற்பது ஃபைலை வரிசையாகத் திறந்தான். ஒவ்வொன்றும் எதைக் கேட்கிறதோ அதை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்துத் திரும்ப ஏற்றினான். நாற்பதாவது ஃபைல் அந்தப் பெட்டி வராமல் திறந்தபோது ஏற்றியிருந்தது 86. அவ்வளவுதான். நாற்பது வீட்டுப் பத்திரிகைக்கு 86 ஃபான்ட். பெரிய வேலைகளுக்கு அந்தந்த வேலை ஃபோல்டருக்குள்ளேயே அதன் ஃபான்டையும் ஒரு பிரதி போட்டு வைக்கச் சொன்னான். ஆச்சி வீட்டுச் சாமான் அறையில் கரண்டி முதல் அண்டா வரை விலாசம் வெட்டித்தான் இருக்கும், எந்தப் பெண்ணுக்கு வந்த சாமான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த மாதிரி.

இதற்கு இரண்டாவது நாளும் வந்தான். ஃபான்டை மொத்தமாக நகர்த்திய பிறகு இல்லாத ஃபான்டின் பெயர்களும் பட்டியலில் தெரிந்தன. விண்டோஸ் வைத்திருக்கும் ஃபான்ட் கேஷ் ஃபைலை அழித்து, ரீஸ்டார்ட் கொடுத்தான். விண்டோஸ் அதைப் புதிதாக எழுதிக்கொண்டது, சரியாகிவிட்டது.

குறைகளையும் எழுத வேண்டும். தாமதத்தைச் சொல்லிவிட்டேன். டெம்ப் ஃபைலோடு பிரவுசரின் குக்கீயையும் கேட்காமல் அழித்துவிட்டான். மெயில் லாக் அவுட் ஆகிவிட்டது. பாஸ்வேர்டு 2019-ம் வருஷத்துத் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதியிருந்தேன், அதைத் தேடியெடுக்க ஒரு மத்தியானம் போனது. ரீசைக்கிள் பின்னுக்குக் கேட்டவன் இதற்கும் கேட்டிருக்கலாம். பில் கேட்டால் "வாட்ஸ்அப்ல அனுப்புறேன்க்கா" என்றான், இன்னும் வரவில்லை. வேலைக்கு நடுவில் போன் வந்தால் இருபது நிமிஷம் பேசுகிறான், அதுவும் வேறு கஸ்டமரோடு, ஸ்பீக்கரில்.

கொடுத்தது: முதல் நாள் 600, இரண்டாம் நாள் 300, பழைய ராம் ஒன்று 2 ஜிபி போட்டதற்கு 550. ஆக 1,450 ரூபாய். ராம் போடச் சொல்லி வற்புறுத்தவில்லை, நான்தான் கேட்டேன். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபியை முழுக்கப் பயன்படுத்தாது, மூன்றே காலோ என்னவோதான் எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்லித்தான் போட்டான்.

இன்னொன்றும் சொன்னான், அதுதான் எனக்குக் கசந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 10-க்கு மாறலாம் என்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் பொதுவான ஆதரவு முடிந்தது. "இதைப் பத்திரிகை அடிக்கிற மெஷினா மட்டும் வச்சுக்கங்க. நெட் ஒயரைப் புடுங்கிடுங்க. பேங்க், மெயில் எல்லாம் போன்ல" என்றான். முதலில் முணுமுணுத்தேன். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். புரூஃபைப் படமாக்கி, பென் டிரைவில் எடுத்து, போனில் மாற்றி வாட்ஸ்அப் அனுப்புகிறேன். பென் டிரைவ் வழியாக வைரஸ் வராதா என்று கேட்பீர்கள். வரும். அதனால் வெளியார் பென் டிரைவை இப்போது செருகவிடுவதில்லை. வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள், என்ன செய்ய?

பேஜ்மேக்கர் திறக்க இப்போது நாற்பது நொடி. விண்டோஸ் எழுந்து நிற்க இன்னும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, அதில் பெரிய மாற்றமில்லை. ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் மாறுமாம். தை முகூர்த்த வேலை முடிந்ததும் போடலாம் என்றிருக்கிறேன்.

அவனைக் கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்க நேரம் இருந்தால் மட்டும். "நீ பாத்து எடுத்துருப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கூப்பிட வேண்டாம். அவன் நல்லவன்தான், ஆனால் உங்கள் தும்பிக்கை எது, உடைசல் எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

'அக்கா சொல்லணும்' ஃபோல்டரில் 63-ல் இதுவரை இருபத்திரண்டு பார்த்திருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றிரண்டு திறப்பேன். முந்தாநாள் ஒன்றில் எழுத்தே இல்லை, எண் விசைகளை அடித்தால் பூர்ணகும்பம், குத்துவிளக்கு, வாழைமரம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. 7-ஐ அடித்தேன், ஊஞ்சல் வந்தது. சங்கிலி வைத்து, இரண்டு பக்கமும் கிளி உட்கார்ந்த ஊஞ்சல். 2016-ல் போனதில் அதுவும் ஒன்று, எங்கெங்கோ தேடி, கிடைக்காது என்று விட்டிருந்தேன்.